பிரைமர் டப்பாவைத் திறக்கும் முன்... ஹம்ஃப்ரி டேவியின் கதை

போன செமஸ்டர் நம்ம ஆட்டோ கிளப் பசங்க ஒரு பழைய அம்பாசடரைக் கட்டி இழுத்துட்டு வந்து ஒர்க்‌ஷாப் பின்னாடி நிறுத்தினது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஆர்வக் கோளாறுல ஒரே வாரத்துல மொத்த வண்டியோட பெயிண்டையும் சுரண்டி எடுத்துட்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி பளபளன்னு எவர்சில்வர் பாத்திரம் மாதிரி நின்னுச்சு. செல்ஃபி எல்லாம் எடுத்து முடிச்சோம். சனி ராத்திரி லேசா ஒரு தூறல். திங்கட்கிழமை காலையில போய்ப் பார்த்தா வண்டி முழுக்க ஆரஞ்சு கலர் பவுடர் பூசின மாதிரி துரு. ஒரு வார உழைப்பு போச்சு.

விஷயம் கேள்விப்பட்டு டிங்கரிங் அண்ணன் ஒருத்தர் வந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெயிண்டை எடுத்தீங்க சரி, எடுத்த பிறகு என்ன செய்யறதா இருந்தீங்க, அதுக்கு அப்புறம் என்ன என்று. எங்க பத்து பேர்கிட்டயும் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி துரு, பிரைமர், துத்தநாகம் என்று படிக்க ஆரம்பிச்சப்போதான் ஒருத்தர் மாட்டினார். பள்ளிக்கூடத்துல பாதுகாப்பு விளக்கு என்று ரெண்டு மார்க் கேள்வியில படிச்ச அதே சர் ஹம்ஃப்ரி டேவி. உலோகத்தை அரிப்பிலிருந்து மின்சாரத்தைக் கொண்டு காப்பாத்தலாம் என்று 200 வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சவர். அந்தக் கண்டுபிடிப்பாலேயே பேர் கெட்டவரும் அவர்தான். எப்படி என்று பார்ப்போம்.

பென்ஸான்ஸ் பையன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கார்ன்வால். செம்புச் சுரங்கங்களுக்கும் வெள்ளீயச் சுரங்கங்களுக்கும் பேர் போன ஊர். அங்கே பென்ஸான்ஸ் என்ற துறைமுக ஊரில் 1778 டிசம்பர் 17-ஆம் தேதி டேவி பிறந்தார். அப்பா மரத்தில் சிற்ப வேலை செய்பவர். 1794-ல் அவர் இறந்தபோது குடும்பத்துக்கு விட்டுச் சென்றது பெரும்பாலும் கடன்தான். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் டேவி, வயசு பதினாறு.

காலேஜ் எல்லாம் கிடையாது. அடுத்த வருஷம் உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். சேர்ந்த கையோடு, தான் என்னென்ன படிக்க வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியல் போட்டுக்கொண்டார். மொழிகள், தர்க்கம், கணிதம், புவியியல் என்று நீண்ட அந்தப் பட்டியலைத் தானாகவே படித்தார். 1797-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரின் புத்தகம் கையில் கிடைத்தது. அதோடு ஆள் வேதியியல் பக்கம் சாய்ந்துவிட்டார். மாடி அறையில் மருந்துக் கடைச் சாமான்களையும் சமையல் பாத்திரங்களையும் வைத்தே சோதனை செய்தார்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு தகவல். அந்தக் குளிர்காலத்தில் டேவி வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த பையன் கிரிகரி வாட். நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட்டின் மகன். அந்த நட்பு டேவிக்கு வெளியுலகக் கதவைத் திறந்துவிட்டது. 1798-ல், இருபது வயசு நிரம்பும் முன்பே, பிரிஸ்டல் நகரில் வாயுக்களால் நோயைக் குணப்படுத்த முயன்ற ஒரு ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது.

அங்கே அவர் செய்த காரியத்தை இன்றைக்கு எந்த லேபிலும் விட மாட்டார்கள். வாயுக்களைத் தன் மூச்சிலேயே இழுத்துப் பார்த்தார். சிரிப்பு வாயு என்று நாம் சொல்லும் நைட்ரஸ் ஆக்சைடைப் பற்றி 1800-ல் ஒரு புத்தகமே எழுதினார். அறுவைச் சிகிச்சையில் வலி தெரியாமல் இருக்க இதைப் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு குறிப்பும் போட்டார். ஆனால் குறிப்போடு நிறுத்திவிட்டார், அடுத்த படிக்குப் போகவில்லை. ஒரு பல் மருத்துவர் அதைச் செய்து பார்க்க 1844 வரை ஆனது. இடைப்பட்ட நாற்பது வருஷமும் நோயாளிகள் கத்திக்கொண்டேதான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்கள். டிங்கரிங் அண்ணன் கேட்ட கேள்வி இங்கேயே ஆரம்பிக்கிறது, கவனிச்சீங்களா?

கரன்ட் வைத்துப் பிரித்த உலோகங்கள்

1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சேர்ந்தார். அடுத்த வருஷமே பேராசிரியர். வயசு 23. அவர் பேச்சைக் கேட்க வந்த கூட்டத்தின் குதிரை வண்டிகளால் அந்தத் தெருவே நெரிசலில் திணறியதால்தான் லண்டனின் முதல் ஒருவழிப் பாதை அங்கே வந்தது என்று இன்றும் சொல்வார்கள்.

அப்போது வோல்டாவின் பேட்டரி புதுசு. 1800-ல்தான் வெளியானது. எல்லாரும் அதை வைத்துப் பொறி பறக்கவிட்டு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார்கள். டேவி வேறு மாதிரி யோசித்தார். வேதிப்பொருள்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதே மின்விசைதான் என்றால், மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்துவிடலாமே? 1807 அக்டோபரில் உருக்கிய பொட்டாஷில் மின்சாரம் செலுத்தினார். வெள்ளி போல் பளபளத்த சின்னச் சின்ன உருண்டைகள் வந்து தீப்பிடித்தன. பொட்டாசியம்! மனுஷன் சந்தோஷத்தில் லேபுக்குள்ளேயே குதித்து ஆடியதாக உடனிருந்த உறவினர் எழுதி வைத்திருக்கிறார். சில நாளில் சோடியம். 1808-ல் கால்சியம், மக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம்.

இந்த வேலையில் அவர் பிடித்த ஒரு உண்மை நம்ம காருக்கும் உயிர்நாடி. உலோகம் அரிக்கப்படுவது வெறும் வேதிவினை இல்லை, அது ஒரு மின்சுற்று. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அதுவே ஒரு பேட்டரி. ஒன்று கரையும், மற்றது தப்பிக்கும். ஒரே தகடாக இருந்தாலும், அதன் மேலுள்ள ஈரத்தில் ஓரிடத்தில் ஆக்சிஜன் குறைவாகவும் ஓரிடத்தில் அதிகமாகவும் இருந்தால் தகட்டுக்குள்ளேயே குட்டி பேட்டரிகள் உருவாகிவிடும். மேட்டுக்கு அடியில், ரப்பர் பீடிங்குக்கு அடியில் துரு பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

1812-ல் சர் பட்டம் வந்தது. அதே மாசம் ஒரு பணக்கார விதவையோடு கல்யாணம். அதே வருஷக் கடைசியில் வெடிக்கும் ஒரு சேர்மத்தைச் சோதித்தபோது கண்ணில் அடிபட்டது. எழுத ஆள் தேவைப்பட்டபோது வந்தவர் புத்தகம் பைண்டு செய்யும் ஒரு இளைஞர், மைக்கேல் ஃபாரடே. டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அழகாக பைண்டு பண்ணி அவருக்கே அனுப்பி வைத்தவர். 1813 மார்ச்சில் உதவியாளர் வேலை கிடைத்தது. அந்த வருஷமே டேவி தம்பதியோடு ஐரோப்பியப் பயணம். வேலைக்காரர் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டதால் அந்த வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது.

விளக்கும் வலையும்

1812 மே மாசம் வட இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். திறந்த விளக்குச் சுடரே எமனாக இருந்த காலம். 1815-ல் உதவி கேட்டு டேவியிடம் வந்தார்கள்.

இங்கே டேவி வேலை செய்த விதம் ஒரு பாடப்புத்தகம். முதலில் சுரங்கப் பகுதிக்கே போய்ப் பார்த்தார். அந்த வாயுவையே பாட்டிலில் பிடித்து லண்டனுக்கு வரவழைத்தார். எந்த விகிதத்தில் வெடிக்கிறது, எவ்வளவு சூட்டில் பற்றுகிறது என்று அளந்தார். குறுகலான குழாய் வழியாகச் சுடர் தாண்டாது என்று கண்டார். குழாயைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் அது கம்பி வலைதான். சதுர அங்குலத்துக்கு 784 துளைகள் உள்ள வலையால் சுடரை மூடினார். கம்பி சூட்டை இழுத்துக்கொள்வதால் தீ வெளியே தாண்டாது. 1816 தொடக்கத்தில் சுரங்கத்துக்குள்ளேயே சோதனை நடந்தது. சில மாசத்தில் முடிந்த வேலை. காப்புரிமை வாங்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டார்.

பின்னாளில் அந்த விளக்கிலும் ஒரு குறை தெரிந்தது. ஈரமான சுரங்கத்தில் கம்பி வலை துருப்பிடிக்கும். ஒரு கம்பி அற்றாலும் தீ வெளியே வந்துவிடும். உயிரைக் காத்த கருவியைக்கூட துரு விடவில்லை!

கப்பலின் அடியில் செம்பு

1820-ல் டேவி ராயல் சொசைட்டியின் தலைவர். அறிவியலில் அதற்கு மேல் நாற்காலி கிடையாது. 1823-ல் பிரிட்டிஷ் கடற்படை அவரிடம் ஒரு பிரச்சினையைக் கொண்டு வந்தது.

அப்போது கப்பல்கள் மரம். கப்பல் புழு மரத்தைத் துளைத்துவிடும், பாசி படிந்தால் வேகம் குறையும். அதனால் அடிப்பாகம் முழுக்கச் செம்புத் தகடு அடித்தார்கள். இதில் முன்பே ஒரு அனுபவம் உண்டு. 1761-ல் அலாரம் என்ற போர்க்கப்பலுக்குச் சோதனையாகச் செம்பு அடித்தார்கள். ரெண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் செம்பு நன்றாகவே இருந்தது, தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள்தான் கரைந்துபோயிருந்தன. ஆனால் சில இடங்களில், செம்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைக் கிழிக்காமல் அப்படியே அடித்துவிட்டிருந்தார்கள். அங்கே மட்டும் ஆணிகள் பத்திரம்! காகிதம் இரண்டு உலோகத்தையும் தொடவிடாமல் தடுத்திருந்தது. தடுப்புப் பூச்சு என்ற விஷயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இன்றைய எபாக்ஸி பிரைமர் செய்வதும் அந்தக் காகிதத்தின் வேலையைத்தான், இன்னும் நன்றாகச் செய்கிறது.

1823-ல் வந்த பிரச்சினை இதற்கு நேர் எதிர். இப்போது செம்பே கடல் தண்ணீரில் சீக்கிரம் தேய்ந்துபோகிறது. செம்பு கலப்படம் என்பதுதான் எல்லாருடைய குற்றச்சாட்டு. டேவி சோதித்துப் பார்த்து, சுத்தமான செம்பும் கடல் நீரில் தேயத்தான் செய்யும் என்றார். சரக்கில் குறை இல்லை, மின்சுற்றில்தான் விஷயம் இருக்கிறது.

பட்டாணி அளவு துத்தநாகம்

அப்படியானால் மருந்தும் மின்சுற்றிலேயே இருக்க வேண்டும் இல்லையா? செம்பைவிட எளிதாகக் கரையும் ஒரு உலோகத்தைச் செம்போடு தொடவைத்தால் அது தன்னைக் கொடுத்துச் செம்பைக் காப்பாற்றும். செய்து பார்த்தார். ஒரு பட்டாணி அளவு துத்தநாகம், நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைப் பாதுகாத்தது. செம்பை எத்தனை துண்டாக்கி மெல்லிய கம்பியால் இணைத்தாலும் வேலை செய்தது. 1824 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் அறிக்கை படித்தார்.

இன்றைக்குக் கப்பல், குழாய்வழி, வீட்டு வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றிலும் இருக்கும் தியாக நேர்மின்வாய் அன்றைக்குப் பிறந்ததுதான்.

அதே ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. ஃபாரடே ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்வானார். தன் கையில் வளர்ந்த பையனின் தேர்வை டேவி எதிர்த்தார். 1821-ல் மின்காந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்து ஃபாரடே பேர் வாங்கியதிலிருந்தே இருவருக்கும் நடுவில் விரிசல். ரகசிய ஓட்டெடுப்பில் எதிராக விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. செம்புச் சோதனைகளுக்கான லேப் வேலையில் பெரும் பங்கைச் செய்துகொண்டிருந்ததும் அதே ஃபாரடேதான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பாசி படிந்த வெற்றி

கடற்படை உடனே கப்பல்களில் மாட்ட ஆரம்பித்தது. விலை குறைவு என்பதால் வார்ப்பிரும்புக் கட்டிகள். அப்படி மாட்டிய கப்பல்களில் சமராங் என்பதும் ஒன்று. அது நம்ம பக்கத்து கொச்சியில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட கப்பல். 1824 கோடையில் டேவியே காமெட் என்ற நீராவிக் கப்பலில் வட கடலுக்குப் போய், ஓடும் கப்பலில் சோதித்துப் பார்த்தார்.

செம்பு தேயவில்லை. கணக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கப்பல்கள் திரும்பி வந்தபோது அடியில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கிடந்தன. வேகம் குறைந்தது, திருப்பக் கஷ்டமாக இருந்தது.

காரணம் இதுதான். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததால்தான் அந்த நஞ்சில் பாசி ஒட்டாமல் இருந்தது. கரைவதை நிறுத்தியதும் நஞ்சும் நின்றது. போதாக்குறைக்கு, பாதுகாக்கப்பட்ட செம்பின் மேல் கடல் நீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் ஏடாகப் படிந்து, பாசி பிடித்துக்கொள்ள நல்ல தளம் போட்டுக் கொடுத்தன. கடற்படை செம்பு அடித்ததே எதற்காகவோ, அந்த நோக்கமே அடிபட்டது. கட்டியின் அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று டேவி விகிதங்களை மாற்றிப் பார்த்தார். கடற்படைக்குப் பொறுமை இல்லை. 1825-ல் கடலோடும் கப்பல்களிலிருந்து கழற்றச் சொல்லிவிட்டார்கள். பத்திரிகைகள் கிண்டலடித்தன.

சுரங்க விளக்கில் பிரச்சினையின் இடத்துக்கே போய், முழுவதையும் அளந்து, கடைசியில் கருவி செய்த அதே மனிதர்தான் இவர். இந்த முறை அரிப்பு என்ற ஒரு கேள்விக்கு மட்டும் மிகச் சரியான விடை கண்டுபிடித்தார். அரிப்பு நின்ற பிறகு அந்தத் தகட்டின் மேல் என்ன நடக்கும் என்பதை நீண்ட கடல் பயணத்தில் பார்த்து முடிப்பதற்குள், கட்டிகள் கப்பல்களில் ஏறிவிட்டன.

நம்ம காருக்கு வருவோம்

எங்க அம்பாசடருக்கு இரண்டாவது தடவை வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு நோட்டு போட்டோம். ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் அதுக்கு அப்புறம் என்ன என்று ஒரு கட்டம். டிங்கரிங் அண்ணனும் டேவியும் சேர்ந்து சொல்லிக் கொடுத்தது இது.

1. முதலில் பார்வை மட்டும். மேட்டைத் தூக்கு, சீட்டைக் கழற்று, அடியில் படுத்துப் பார். காந்தம் ஒட்டாத இடத்தில் பழைய பட்டி ஒளிந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, மேலோட்டத் துரு, குழி விழுந்தது, ஓட்டையானது என்று சாக்பீஸால் மூன்று விதமாகக் குறி போடு. மேலோட்டத் துருவைத் தேய்த்தால் போதும், ஓட்டையை வெட்டித்தான் ஆகணும்.

2. தண்ணி எங்கிருந்து வருது? ஓட்டை போட்ட துருவைவிட, அந்தத் தண்ணியை அனுப்பிய அடைபட்ட வடிகால் துளையும் கிழிந்த பீடிங்கும்தான் குற்றவாளி. அதைச் சரி செய்யாமல் தகடு மாற்றினால் நாலு வருஷத்தில் மறுபடி அதே இடம்.

3. பலம் தாங்கும் இடம் முதலில். அம்பாசடருக்குத் தனி சேஸி கிடையாது, பாடியே தாங்குகிறது. கதவுக்கு அடியில் உள்ள பகுதியை வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வெல்டு வைத்து இறுக்கணும். ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டி இடைவெளி சரியா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். இல்லையென்றால் பாடி வளைந்து கதவு சாத்தவே சாத்தாது.

4. நல்ல இரும்பு வரும் வரை வெட்டு. ஒட்டுத் தகடு அதே கனத்தில் இருக்கட்டும். ஒரே மூச்சில் வெல்டு ஓட்டாமல் இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று வைத்தால் சூட்டில் தகடு நெளியாது. இரண்டு தகடு ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தின் உள்பக்கம் பிறகு கைக்கே எட்டாது. அதனால் வெல்டு வைக்கும் முன்பே அங்கே துத்தநாக பிரைமர் பூசிவிட வேண்டும். வெல்டு புள்ளியில் மட்டும் சுரண்டிவிடுங்கள். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும், காற்றோட்டமும் மாஸ்க்கும் கட்டாயம்.

5. துத்தநாகம் என்றதும் ஒரு எச்சரிக்கை. டேவியின் கட்டி வேலை செய்ததற்குக் காரணம், கப்பல் முழுக்கக் கடல் நீரில் மூழ்கியிருந்தது. காற்றில் நிற்கும் காரில் ஒரு மூலையில் துத்தநாகக் கட்டி மாட்டினால் மறு மூலைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, சுற்று பூர்த்தியாகாது. அதனால்தான் துத்தநாகத்தைத் தூளாக்கி பிரைமரில் கலந்து தகடு முழுக்கப் பூசுகிறோம். அதுவும் வெறும் இரும்பைத் தொட்டால்தான் பலன். பழைய பெயிண்டின் மேல் அடித்தால் அது வெறும் சாம்பல் கலர் பெயிண்ட்.

6. இன்றைக்குப் பூச முடிகிற அளவுதான் இன்றைக்குச் சுரண்டணும். எங்க முதல் தப்பே இதுதான். ஒரு கதவு என்றால் ஒரு கதவு. உப்புத்தாள் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, வெறும் கையால் தொடாமல் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். கை வியர்வையிலும் உப்பு இருக்கிறது. துரு மாற்றும் அமிலத் திரவம் போட்டிருந்தால் மிச்சம் இல்லாமல் கழுவிக் காயவைக்கணும். இல்லாவிட்டால் எபாக்ஸி பிடிக்காமல் உரிந்து வரும். டப்பாவோடு வரும் தாளை ஒருத்தராவது முழுக்கப் படியுங்க. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தேய்க்கும் தூசியைச் சுவாசிக்காதீங்க.

7. பட்டி எபாக்ஸியின் மேலே, மெல்லிசாக. பட்டி தண்ணீரை உறிஞ்சும், வெறும் தகட்டின் மேல் போட்டால் அடியிலேயே துரு வளரும். அதற்கு மேல் கனமான பிரைமர், தேய்ப்பு. அந்தக் கனமான பிரைமரும் ஈரத்தை உள்ளே விடும். பிரைமரோடு வண்டியை மழையில் மாசக்கணக்கில் நிறுத்துவதும் எங்க பழைய கதையும் ஒன்றுதான்.

8. கடைசியாக மூட்டுகளில் சீலர், பெட்டி போன்ற இடங்களுக்கு உள்ளே மெழுகு. பிரைமரும் சீலரும் அடைத்த வடிகால் துளைகளை மறுபடி திறந்துவிடணும். அரிப்பைத் தடுக்கப் போய்த் தண்ணியை உள்ளேயே பூட்டி வைத்தால், அது டேவியின் கொட்டலசுக் கதைதான்.

இந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகத்தான் எழுதினோம். கடைசியில் மெழுகு என்றால் அதற்குத் துளை எங்கே வேண்டும், துளை வேண்டும் என்றால் ஒட்டுத் தகடு எப்படி இருக்க வேண்டும், இப்படி. வேலை செய்வது மேலிருந்து கீழே.

ஜெனீவாவில்

கப்பல் விவகாரத்துக்குப் பிறகு டேவி ரொம்ப நாள் இல்லை. 1826 கடைசியில் பக்கவாதம் தாக்கியது. 1827-ல் ராயல் சொசைட்டித் தலைமையை விட்டார். இத்தாலி, ஆல்ப்ஸ் மலைப்பக்கம் என்று ஊர் ஊராக அலைந்தார். ஆற்றில் தூண்டில் போட்டு மீன் பிடித்தார், மீன்பிடிப்பைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1829 மே 29-ஆம் தேதி ஜெனீவாவில் இறந்தார். வயசு 50. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

சுரங்க விளக்குக்காகச் சுரங்க முதலாளிகள் பரிசாகக் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி, அந்தப் பணத்தில் பின்னாளில் ராயல் சொசைட்டி டேவி பதக்கம் கொடுக்க ஆரம்பித்தது. ஃபாரடே, டேவி விட்டுப்போன மின்வேதியியலுக்கு 1830-களில் எண்ணிக்கையும் விதியும் கொடுத்தார். 1837-ல் பிரான்சில் சோரெல் என்ற எஞ்சினியர் இரும்பைத் துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம வீட்டுத் தண்ணி வாளியிலிருந்து இன்றைய கார்களின் பாடித் தகடு வரை அந்த வழிதான். மரக் கப்பல் போய் இரும்புக் கப்பல் வந்தபோது, டேவியின் துத்தநாகக் கட்டிகள் திரும்ப வந்தன. இந்தத் தடவை பாசிக்குத் தனியாக ஒரு நஞ்சுப் பூச்சும் கூடவே வந்தது. அரிப்புக்கு ஒன்று, பாசிக்கு ஒன்று. 1824-ல் விட்டுப்போன கட்டத்தை யாரோ நிரப்பிவிட்டார்கள்.

அவர் கண்டுபிடித்ததில் தப்பே இல்லை என்பதுதான் இதில் மனசைப் பிசைகிற விஷயம். இன்னும் இரண்டு மூன்று கப்பலை இரண்டு வருஷம் கடலில் விட்டுப் பார்த்திருந்தால் அந்தக் கட்டத்தை அவரே நிரப்பியிருப்பார்.

அம்பாசடர் இப்போ எபாக்ஸி சாம்பல் கலரில் ஷெட்டுக்குள் நிற்கிறது. இடது பக்கக் கதவுக்கு அடியில் ஒட்டுத் தகடு வெல்டு வேலை இன்னும் பாக்கி. சனிக்கிழமை மதியம் ஷெட் திறந்திருக்கும், கை கொடுக்க வருபவர்கள் வரலாம். நோட்டு கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குது. சுரண்டுறதுக்கு முன்னாடி அதைப் படிச்சுடுங்க.